ரோபோவோட மூளையை எங்க வைக்கிறது: போர்டுலயா, பக்கத்து சர்வர்லயா, க்ளவுட்லயா?

ரோபோ செய்யுற எந்த டீமா இருந்தாலும் சரி, காலேஜ் லேபோ நாலு பேர் சேர்ந்த ஸ்டார்ட்அப்போ, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே இந்த விவாதம் வந்துடும்: கம்ப்யூட்டிங் எல்லாத்தையும் ரோபோ மேலயே வச்சுக்கலாமா, இல்ல க்ளவுடுக்கு (தூரத்து டேட்டா சென்டர்ல வாடகைக்கு எடுக்குற சர்வர்) அனுப்பிடலாமா. ஒருத்தர் "நெட் போச்சுன்னா ரோபோ அப்படியே நின்னுடுமே"ன்னு சொல்லுவார், இன்னொருத்தர் "அவ்ளோ பெரிய ஏஐ மாடலை இந்தச் சின்ன போர்டுல எப்படி ஓட்டுறது"ன்னு கேப்பார், ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான், அதனாலயே பேச்சு முடியாம இழுத்துக்கிட்டே போகும். என்னைக் கேட்டா இந்தக் கேள்வியை மொத்த ரோபோவுக்கும் சேர்த்து ஒரே தடவையா கேக்கக் கூடாது, ரோபோ செய்யுற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா கேக்கணும். இதுக்குள்ள இன்னொரு பெரிய முடிவும் இருக்கு: ரோபோ கத்துக்குறதுக்கான டேட்டாவை தனியா சேர்க்கப் போறோமா, இல்ல மத்தவங்களோட சேர்ந்தா. நிறைய பேர் முதல் கேள்வியிலயே சக்தியெல்லாம் செலவழிச்சுட்டு ரெண்டாவதை கண்டுக்காம விட்டுடறாங்க, ஆனா பலன் அதிகமா இருக்குறது ரெண்டாவதுல தான்.

கொஞ்சம் பின்னாடி போனா இது ஏன்னு புரியும். 2010ல கூகுள்ல இருந்த ஜேம்ஸ் கஃப்னர் தான் க்ளவுட் ரோபாட்டிக்ஸ்ங்கிற பேரை முன்வச்சார். அந்த யோசனைக்குள்ள ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, கனமான கணக்கை எல்லாம் ரோபோ உடம்புல இருந்து எடுத்து தூரத்து சர்வர்ல போடறது. இன்னொண்ணு, ஒரு ரோபோ கத்துக்கிட்டதை எல்லா ரோபோவும் எடுத்துக்குறது. கிட்டத்தட்ட அதே சமயத்துல ஐரோப்பாவுல ரோபோஎர்த் ப்ராஜெக்ட் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 2014 ஜனவரில நெதர்லாந்தோட ஐந்தோவன் பல்கலைக்கழகத்துல, ஆஸ்பத்திரி ரூம் மாதிரி செட் போட்டு, நாலு ரோபோக்கள் ஒரே அறிவுக் களஞ்சியத்துல இருந்து மேப்பும் பொருள் விவரமும் எடுத்து வேலை செஞ்சு காட்டுச்சு. அந்த ப்ராஜெக்டோட க்ளவுட் எஞ்சின் பேரு ராப்யூட்டா, சுவிட்சர்லாந்து பல்கலைக்கழகமான ஈடிஹெச் ஜூரிக்ல செஞ்சது, அதுல இருந்து தான் கஜமோகன் மோகனராஜாவும் அவரோட கூட்டாளியும் ராப்யூட்டா ரோபாட்டிக்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. இத்தனை வருஷம் கழிச்சுப் பார்த்தா, கஃப்னர் சொன்ன முதல் விஷயம் பாதி அளவுக்குத்தான் நடந்திருக்கு, ரெண்டாவது விஷயம் யாரும் நினைச்சதை விட பெருசா நடந்துக்கிட்டு இருக்கு.

முதல்ல க்ளவுடுக்கு சாதகமான பக்கத்தை நேர்மையா சொல்லிடறேன். கலிஃபோர்னியாவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல ரோபோ ஆய்வாளர் கென் கோல்ட்பெர்க்கோட லேப்ல செஞ்ச ஃபாக்ராஸ்2ன்னு ஒண்ணு இருக்கு, ராஸ் 2ல (ரோபோ சாஃப்ட்வேர் கட்ட பரவலா பயன்படுத்துற ஓபன் சோர்ஸ் தளம்) எழுதின நோடை, அதாவது ஒரு தனி வேலையைச் செய்யுற ப்ரோக்ராமை, பெரிய மாத்தம் இல்லாம க்ளவுட் மெஷின்ல தூக்கி ஓட்ட விடும். அவங்க 2022ல வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பொருளை எப்படிப் பிடிக்கலாம்னு திட்டம் போடற நேரம் 14 நொடில இருந்து 1.2 நொடிக்கு வந்துடுச்சு, கை எந்தப் பாதைல போகணும்னு போடற கணக்கு 45 மடங்கு வேகமாச்சு, ஸ்லாம், அதாவது மேப் போட்டுக்கிட்டே ரோபோ தான் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற வேலை, அதோட லேட்டன்சி (தாமதம்) பாதியா குறைஞ்சுச்சு. இது சின்ன விஷயம் இல்ல. 14 நொடி யோசிக்கிற கையை பக்கத்துல நின்னு பார்த்தா மெஷின் ஹேங் ஆயிடுச்சோன்னு தோணும், 1.2 நொடின்னா அது வேலை செய்யுற மெஷின். ஆனா கவனிங்க, இந்த லாபம் வந்தது எந்த மாதிரி வேலைல? ஒரு தடவை கேள்வி அனுப்புறோம், அங்க நூறு ப்ராசசர் கோர் இல்லன்னா பெரிய ஜிபியூ (ஒரே சமயத்துல நிறைய கணக்கு போடற சிப்) சேர்ந்து உழைக்குது, ஒரு தடவை பதில் வருது, அதுவரைக்கும் ரோபோ சும்மா நின்னா ஒண்ணும் ஆகாது. அந்த மாதிரி வேலைக்கு க்ளவுட் ரொம்ப நல்ல இடம்.

இப்ப அதுக்கு நேர் எதிரான வேலையைப் பாருங்க. ஆய்வு லேப்கள்ல பயன்படுத்துற ஃப்ராங்கா ரோபோ கை வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், அதோட கன்ட்ரோல் லூப் (அசைவை அளந்து திருத்திக்கிட்டே இருக்குற சுழற்சி) நொடிக்கு 1,000 தடவை ஓடணும், அதாவது ஒவ்வொரு 1 மில்லிசெகண்டுக்கும் ஒரு கட்டளை போய்ச் சேரணும், தொடர்ந்து 20 பாக்கெட் தொலைஞ்சா கை தானா நின்னு எரர் கொடுத்துடும். அதுக்காகத்தான் ரியல்டைம் கெர்னல் (குறிச்ச நேரத்துல வேலையை முடிக்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் மையம்) போட்டு, நேரடியா கேபிள் இழுத்து, நடுவுல எதுவும் இல்லாம இணைக்கச் சொல்றாங்க. ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் தான் போகும், டேட்டா சென்டர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா போய் வர்றதுக்கே குறைஞ்சது 10 மில்லிசெகண்ட், அதுக்குள்ள பத்து லூப் முடிஞ்சு போயிருக்கும். எவ்ளோ காசு கொடுத்தாலும் இந்த 10ஐ குறைக்க முடியாது. அதனால மோட்டார், பேலன்ஸ், மோதாம நிறுத்துறது, எமர்ஜென்சி ஸ்டாப், இதெல்லாம் ரோபோ மேல தான், இதுல பேச்சுக்கே இடமில்ல.

உண்மையான சிக்கல் நடுவுல இருக்குற வேலைகள்ல தான், அதாவது கேமரால பார்த்து அடுத்து என்ன செய்யணும்னு நொடிக்கு சில தடவை முடிவெடுக்குற இடம். இங்க ஒரு ஃப்ரேமோட பயணத்தை முழுசா பார்த்தா தான் புரியும். 640க்கு 480 சைஸ்ல ஒரு சாதாரண கலர் கேமரா, நொடிக்கு 30 ஃப்ரேம், அப்படியே அமுக்காம அனுப்பினா நொடிக்கு 27.6 மெகாபைட், அதாவது 221 மெகாபிட். ரெண்டு கேமரா, கூட தூரத்தை அளக்குற ஒரு டெப்த் கேமரான்னு ஆச்சுன்னா வைஃபை திணறிடும், அதனால வீடியோவா அமுக்கி அனுப்புவோம், அமுக்கவும் நேரம், அங்க பிரிக்கவும் நேரம், டெப்த் படம் 16 பிட்டுங்கிறதால சாதாரண வீடியோ கோடெக் (வீடியோவை அமுக்குற முறை) அதை கெடுத்து வச்சுடும். அப்புறம் ஏர்ல போற நேரம், இன்டர்நெட்ல போற நேரம், சர்வர்ல க்யூல நிக்குற நேரம், மாடல் யோசிக்கிற நேரம், திரும்பி வர்ற நேரம். எல்லாம் சேர்ந்து 200 மில்லிசெகண்ட் ஆச்சுன்னு வச்சுக்குங்க, நொடிக்கு அரை மீட்டர் வேகத்துல ஓடற கன்வேயர் மேல இருக்குற பொருள் அதுக்குள்ள 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கை போய் மூடறப்போ அங்க பொருள் இருக்காது.

கேமரா படத்தையும் சொல்ற கட்டளையையும் வாங்கி ரோபோ அசைவைச் சொல்ற கூகுளோட ஆர்டி-2 மாடலே இதுக்கு நல்ல உதாரணம். 2023ல வந்தது, அதுல பெரிய மாடலுக்கு 55 பில்லியன் பாராமீட்டர் (மாடல் கத்துக்கிட்டதைச் சேர்த்து வைக்கிற எண்கள்), ரோபோ மேல வைக்கவே முடியாதுன்னு க்ளவுட்ல நிறைய டிபியூ (கூகுளோட ஏஐ சிப்) மேல வச்சு நெட்வொர்க் வழியா கேட்டாங்க, கிடைச்சது நொடிக்கு 1ல இருந்து 3 முடிவு. 5 பில்லியன் மாடல்ன்னா நொடிக்கு 5 வரைக்கும். மேஜை மேல அசையாம இருக்குற பொருளை எடுத்து வைக்க அது போதும், நகர்ற எதுக்கும் போதாது.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம், தாமதம்ங்கிறது வெறும் மெதுவா நடக்குறது மட்டும் இல்ல, அது ரோபோவோட நடத்தையையே மாத்திடும். ஆர்டி-2 மாதிரியே இன்னொரு ரோபோ மாடலான ஓபன்விஎல்ஏவோட பேப்பர்ல இது அழகா வெளில வந்துச்சு. 7 பில்லியன் மாடலோட எண்கள் ஒவ்வொண்ணையும் 8 பிட்டா சுருக்கினப்போ வெற்றி விகிதம் நல்லாவே விழுந்துச்சு, 4 பிட்டா இன்னும் அதிகமா சுருக்கினப்போ பழைய அளவுக்கே வந்துடுச்சு. பார்த்தா தலைகீழா இருக்கு இல்லையா? காரணம் என்னன்னா, அவங்க பயன்படுத்தின ஜிபியூல 8 பிட் மாடல் நொடிக்கு 1.2 தடவை தான் ஓடிச்சு, 4 பிட் 3 தடவை ஓடிச்சு, ஆனா கத்துக்கிட்ட டேட்டா நொடிக்கு 5 தடவை கட்டளை போற கன்ட்ரோலர்ல பதிவானது. வேகம் அதுல இருந்து ரொம்ப விலகினதும் மாடல் கத்துக்கிட்ட உலகமும் கை இருக்குற உலகமும் வேற வேறயா ஆயிடுச்சு. க்ளவுட் லேட்டன்சியும் இதே வேலையைத்தான் செய்யும். மாடல் சரியா இருக்கும், வெயிட் (அந்தக் கத்துக்கிட்ட எண்கள்) சரியா இருக்கும், சிமுலேஷன்ல எல்லாம் பாஸ் ஆகும், ரோபோ மட்டும் தடுமாறும், அப்ப டீம் மாடலை ரீட்ரெய்ன் பண்ணிக்கிட்டு இருக்கும், பிரச்சனை நெட்வொர்க்ல இருக்கும்.

சராசரி லேட்டன்சியைப் பார்த்து ஏமாறாதீங்க, மோசமான நேரத்துல எவ்ளோ போகுதுன்னு பாருங்க. ரோபோ நகர்ந்துக்கிட்டே ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறுற அந்த நொடி இருக்கே, அங்க தான் எல்லாம் உடையும். ராஸ் 2ல கேமரா டாபிக்கை (படம் போற சேனல்) ரிலையபிள்னு, அதாவது எதுவும் தொலையக் கூடாதுன்னு, வச்சிருந்தா, லிங்க் திரும்பி வந்ததும் விட்டுப்போன பழைய ஃப்ரேம் எல்லாத்தையும் வரிசையா அனுப்பப் பாக்கும், ரோபோ நடந்து முடிஞ்ச காலத்தை பார்த்து முடிவெடுக்க ஆரம்பிக்கும். பெஸ்ட் எஃபர்ட் (தொலைஞ்சதை திரும்ப அனுப்பாத முறை), க்யூ ஆழம் 1, அவ்ளோதான், பழைய ஃப்ரேம் போனா போகட்டும். அப்புறம் கடிகாரம். ரெண்டு மெஷினோட நேரமும் கொஞ்சம் விலகினாலே டிஎஃப் (ரோபோவோட எந்த பாகம் எங்க இருக்குன்னு கணக்கு வைக்கிற ராஸ் பகுதி) எதிர்காலத்துல இருக்குற ட்ரான்ஸ்ஃபார்ம் கேக்குறேன்னு எரர் அடிச்சுக்கிட்டே இருக்கும், க்ரோனிங்கிற நேர ஒத்திசைவு சாஃப்ட்வேர் போட்டு ரெண்டையும் ஒத்திசைக்காம க்ளவுட் பக்கமே போகாதீங்க. இன்னொண்ணு, ராஸ் 2 வழக்கமா பயன்படுத்துற டிடிஎஸ் (நோடுகளுக்கு நடுவுல செய்தி கொண்டு போற மிடில்வேர்), மத்த நோடுகளை மல்டிகாஸ்ட்ல (நெட்வொர்க்ல பல மெஷினுக்கும் ஒரே தடவையா அனுப்புறது) தான் தேடும், க்ளவுட் நெட்வொர்க்ல அது பொதுவா வேலை செய்யாது, நோடுகளை ஒண்ணுக்கொண்ணு அறிமுகப்படுத்துற டிஸ்கவரி சர்வர் வைக்கணும் இல்லன்னா ஜீனோ மாதிரி வேற மிடில்வேர் பக்கம் போகணும்.

இதனால தான் நடுவுல இருக்குற மூணாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது: ரோபோ இருக்குற அதே கட்டடத்துல ஒரு நல்ல ஜிபியூ சர்வர். ரோபோ ஒரே இடத்துல வேலை செய்யுறதா இருந்தா, ஒர்க்‌ஷாப்பு, கிடங்கு, லேப், எதுவா இருந்தாலும், இது தான் நியாயமான முதல் தேர்வு. இன்டர்நெட் தாமதம் போயிடும், வைஃபை தாமதம் மட்டும் மிஞ்சும், நிலையா இருக்குற கைன்னா கேபிளே போட்டுடலாம், அப்ப அதுவும் இல்ல. ஓபன்விஎல்ஏ மாதிரி மாடல் ஓட ஏறக்குறைய 15 ஜிபி ஜிபியூ மெமரி போதும், ஆர்டிஎக்ஸ் 4090 ஜிபியூ ஒண்ணுல நொடிக்கு 6 தடவை ஓடும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஆர்டி-2க்கு க்ளவுட் டிபியூ தேவைப்பட்ட இடத்துல ஒரே வருஷத்துல அதை விட நல்லா செய்யுற மாடல் ஒரு டெஸ்க்டாப் கார்டுல ஓடுது, இதை நினைச்சா எனக்கு இன்னும் சந்தோஷமா இருக்கு. குறைன்னா, அந்த சர்வரை பார்த்துக்குற ஆள் நீங்க தான், கரண்ட், சூடு, அப்டேட், பேக்அப் எல்லாம் உங்க தலைல, ரோபோ எண்ணிக்கை கூடினா ஒரு கார்டு பத்தாது.

ரோபோ மேலயே எல்லாம்ங்கிற வழியும் முன்ன மாதிரி பலவீனமா இல்ல. என்விடியாவோட ஜெட்சன் ஏஜிஎக்ஸ் ஓரின் போர்டு 275 டாப்ஸ் (நொடிக்கு 275 லட்சம் கோடி கணக்கு) வரைக்கும் கொடுக்குது, 15 வாட்ல இருந்து 60 வாட் வரைக்கும் செட் பண்ணிக்கலாம். அந்த 60 வாட் பேட்டரில இருந்து தான் போகுதுங்கிறதை மட்டும் மறக்கக் கூடாது, சின்ன ரோபோவுல அது ஓடற நேரத்தை நேரடியா கடிக்கும், மூடின பெட்டிக்குள்ள வச்சா சூடாகி தானா வேகத்தைக் குறைச்சுக்கும், டெமோவுல நல்லா ஓடி அரை மணி நேரம் கழிச்சு மந்தமாகுற ரோபோவுக்கு பெரும்பாலும் காரணம் இது தான். மாடல்களும் சின்னதாகிட்டே வருது. ஹக்கிங் ஃபேஸ் 2025ல விட்ட ஸ்மால்விஎல்ஏ 450 மில்லியன் பாராமீட்டர் தான். கூகுள் டீப்மைண்டும் அதே வருஷம் ஜெமினி ரோபாட்டிக்ஸ்ல நெட் இல்லாம ரோபோ மேலயே ஓடற ஒரு வகையை விட்டாங்க. க்ளவுட்ல மாடல் ஓட்டுறதுல இவ்ளோ அனுபவம் உள்ளவங்களே ரோபோ மேல கொண்டு வர்றாங்கன்னா அது ஒரு பெரிய தகவல்.

ஒரே தடவையா அடுத்த ஐம்பது அசைவையும் சேர்த்து மாடல் சொல்லிடற முறை இப்ப பரவலா வந்துடுச்சு, ஆக்‌ஷன் சங்கிங்னு சொல்றது. இது க்ளவுட் தாமதத்தை கொஞ்சம் மறைக்கும், ஒரு கொத்து ஓடிக்கிட்டு இருக்குறப்பவே அடுத்த கொத்தை கேட்டு வாங்கிக்கலாம். ஆனா அந்தக் கொத்து ஓடற வரைக்கும் ரோபோ கண்ணை மூடிக்கிட்டு இருக்கு, நடுவுல யாராவது பொருளை நகர்த்தினா தெரியாது. மனுஷங்க பக்கத்துல இருந்தா இதை நம்பி க்ளவுட்ல வைக்காதீங்க.

கணக்கிடற வேலைல க்ளவுட் சந்தேகமே இல்லாம ஜெயிக்கிற இடம் ட்ரெய்னிங்கும் சிமுலேஷனும். ஓபன்விஎல்ஏவை ட்ரெய்ன் பண்ண 64 ஏ100 ஜிபியூ 14 நாள் ஓடிச்சு. ரோபோ பொருளைப் பிடிக்க திட்டம் போடற டெக்ஸ்நெட்டோட முதல் பதிப்புக்கு கூகுள் க்ளவுட்ல 1,500 விர்ச்சுவல் கோர் வரைக்கும் ஒரே சமயத்துல எடுத்தாங்க. இதை சின்ன டீம் சொந்தமா வாங்கி வைக்குறதுல அர்த்தமே இல்ல, வருஷத்துல சில வாரம் தான் தேவைப்படும், மீதி நேரம் தூசு படியும். எனக்குத் தெரிஞ்ச எளிய கணக்கு இது தான்: விட்டு விட்டு வர்ற பெரிய வேலைன்னா க்ளவுட், நாள் முழுக்க ஓடற வேலைன்னா சொந்த மெஷின். ட்ரெய்ன் பண்ணின வெயிட்டை திரும்ப எடுக்குறது சுலபம், ஆனா டெராபைட் கணக்குல பதிவு பண்ணின வீடியோவை ஒரு க்ளவுட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்போ வெளில எடுக்குற கட்டணம் வலிக்கும், ஒரிஜினல் காப்பியை உங்க டிஸ்க்லயே வச்சுக்கிட்டு க்ளவுடுக்கு நகல் அனுப்புங்க.

அடுத்த கேள்வி, அந்த சர்வீஸ் நாளைக்கு இருக்குமா? இதை முடிவெடுக்குற பேச்சுல யாரும் எடுக்குறதே இல்ல. க்ளவுட்ல ரோபோ சிமுலேஷன் ஓட்டுற ரோபோமேக்கர் சர்வீஸை அமேசான் 2018 நவம்பர்ல கொண்டு வந்தாங்க, 2025 செப்டம்பர்ல ஆதரவை நிறுத்திட்டாங்க. அதை நம்பி சிமுலேஷன் பைப்லைன் கட்டினவங்க எல்லாம் மாத்த வேண்டியதாச்சு. வீட்டு ரோபோல இது இன்னும் மனசைக் கஷ்டப்படுத்தும், குழந்தைகளுக்காக செஞ்ச மாக்ஸி ரோபோவோட கம்பெனி 2024 டிசம்பர்ல மூடப் போறோம்னு அறிவிச்சப்போ, பேச்சு எல்லாமே க்ளவுட்ல இருந்ததால ரோபோவும் சேர்ந்து ஊமையாகிடும்னு சொல்ல வேண்டி வந்துச்சு, குழந்தைகளுக்கு பெத்தவங்க என்னன்னு சொல்லுவாங்க? அப்புறம் வீட்டுலயே ஒரு லோக்கல் சர்வர் வச்சு ஓட்டுறதுக்கு வழி செஞ்சு ஓபன் சோர்ஸா விட்டாங்க. அந்த வழி முதல் நாளே இருந்திருக்கணும்னு நான் உறுதியா நம்புறேன். க்ளவுட் எடுக்குறீங்கன்னா கன்டெய்னர் (எந்த மெஷின்லயும் ஓடற மாதிரி கட்டின சாஃப்ட்வேர் பொட்டலம்), திறந்த ஃபார்மட், திறந்த மிடில்வேர் இதுல கட்டுங்க, வேற இடத்துக்கு தூக்கிட்டுப் போக எவ்ளோ நாள் ஆகும்னு ஆரம்பத்துலயே ஒரு தடவை உண்மையா செஞ்சு பாருங்க.

பாதுகாப்பைப் பத்தி சுருக்கமா. ராஸோட பழைய பதிப்பான ராஸ் 1ல யாரு கேக்குறாங்கன்னு சரிபார்க்கற வசதியே கிடையாது, ப்ரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்டர்நெட்டை ஸ்கேன் பண்ணி 2018ல வெளியிட்டப்போ நூறுக்கும் மேல ராஸ் மாஸ்டர்கள் (ரோபோவோட நோடுகளை இணைக்கிற மைய ப்ரோக்ராம்) உலகத்துக்கே திறந்து கிடந்துச்சு, சிலதுல கேமரா பார்க்கலாம், மோட்டாரையே நகர்த்தலாம். ராஸ் 1க்கான ஆதரவும் 2025 மேயோட முடிஞ்சு போச்சு, புதுசா ஆரம்பிக்கறவங்க அந்தப் பக்கம் போகவே வேணாம். ராஸ் 2ல எஸ்ராஸ்2ங்கிற பாதுகாப்பு வசதி இருக்கு, விபிஎன் போடுங்க, ஒரு போர்டும் நேரடியா வெளில தெரியக் கூடாது.

சரி, இப்ப ரெண்டாவது முடிவுக்கு வர்றேன், எனக்கு மனசுக்கு நெருக்கமானது இது தான்.

தனியா சேர்த்தா எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சுக்க கூகுளோட 2016 பரிசோதனையே போதும்: 14 வரைக்கும் ரோபோ கைகளை வரிசையா நிக்க வச்சு ரெண்டு மாசம் 8,00,000 தடவைக்கு மேல பொருள் பிடிக்க விட்டாங்க. ஒவ்வொரு கையும் பாத்தது எல்லாருக்கும் போச்சு, எல்லாரும் சேர்ந்து ஒரே நெட்வொர்க்கை வளர்த்தாங்க. அருமையான வேலை, ஆனா அத்தனை கை வச்சிருக்க எத்தனை லேபால முடியும்? கத்துக்கிட்டதும் ஒரே மாதிரி கை, ஒரே மாதிரி தொட்டி.

இதுக்கு நேர் எதிர்ல 2023 அக்டோபர்ல வந்த ஓபன் எக்ஸ்-எம்பாடிமென்ட் டேட்டா தொகுப்பை வச்சுப் பாருங்க. யாரும் புதுசா ஒரு மாபெரும் ரோபோ கூடம் கட்டல. உலகம் முழுக்க 34 லேப்ல ஏற்கனவே இருந்த 60 டேட்டாசெட்டை ஒரே வடிவத்துக்கு கொண்டு வந்தாங்க, 22 வகை ரோபோ, பத்து லட்சத்துக்கும் மேல நிஜ ரோபோ பதிவுகள். அதுல ட்ரெய்ன் பண்ணின ஆர்டி-1-எக்ஸ் மாடல், டேட்டா குறைவா இருந்த லேப்கள்ல அவங்கவங்க சொந்தமா செஞ்ச முறையை விட சராசரியா 50 சதவீதம் நல்லா செஞ்சுச்சு. இதை ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க. வேற ஊர்ல, வேற கைல, வேற மேஜைல பதிவான டேட்டா, உங்க கையை நல்லா வேலை செய்ய வைக்குது. ரோபோ உடம்பு வேறன்னா டேட்டா பயன்படாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்த துறைல இது பெரிய திருப்பம். அடுத்த வருஷமே ட்ராய்டு டேட்டாசெட் வந்துச்சு, இந்தத் தடவை 13 நிறுவனங்கள் ஒரே மாதிரி ஃப்ராங்கா செட்டப்பை வச்சுக்கிட்டு, 564 வேற வேற சூழல்ல, 76,000 பதிவு, 350 மணி நேரம். அதே 2024ல வந்த ஓபன்விஎல்ஏ, இந்தப் பொது டேட்டால 9,70,000 பதிவை எடுத்து ட்ரெய்ன் ஆகி, தன்னை விட ஏழு மடங்கு பெரிய, ஆர்டி-2வோட ஒரு வகையான ஆர்டி-2-எக்ஸை வெற்றி விகிதத்துல 16.5 சதவீதப் புள்ளி வித்தியாசத்துல தாண்டிச்சு, வெயிட்டையும் எல்லாருக்கும் கொடுத்துட்டாங்க.

இதுக்கெல்லாம் அடித்தளம் ஒரு பழைய தாராள மனசு. ராஸை வளர்த்தெடுத்த வில்லோ கராஜ் கம்பெனி 2010ல 4,00,000 டாலர் மதிப்புள்ள பிஆர்2 ரோபோவை 11 ஆய்வுக் குழுக்களுக்கு கொடுத்தாங்க, நிபந்தனை என்னன்னா செஞ்சதை திறந்து பகிரணும். அந்த கம்பெனி சில வருஷத்துல இல்லாம போச்சு, ராஸ் இன்னைக்கும் உலகம் முழுக்க ஓடிக்கிட்டு இருக்கு. ரோபோவே வாங்க முடியாதவங்களுக்கும் வழி திறந்திருக்கு, ஜார்ஜியா டெக்கோட ரோபோடேரியம் 2017ல இருந்து யாரு வேணும்னாலும் கோடு அனுப்பி அங்க இருக்குற நிஜ ரோபோக் கூட்டத்துல ஓட்டிப் பார்க்க விடுது, மாக்ஸ் பிளாங்க் ஆளுங்க 2020ல நடத்தின போட்டில மூணு விரல் ரோபோக்களை தூரத்துல இருந்தே பயன்படுத்த விட்டாங்க. க்ளவுடோட உண்மையான சாதனை எனக்கு இங்க தான் தெரியுது.

இதுக்காக பொது டேட்டாவை இறக்கினதும் உங்க ரோபோ ஓடிடும்னு நினைச்சுடாதீங்க. ஓபன் எக்ஸ்-எம்பாடிமென்ட்ல எல்லா அசைவையும் ஏழு எண்ணா மாத்தினாங்களே தவிர, கேமரா கோணத்தையோ ரோபோக்களோட ஆயத்தொலை அமைப்பையோ ஒண்ணாக்கல, அதே ஏழு எண்ணுக்கு ரெண்டு ரோபோ ரெண்டு விதமா நகரும். ஒரு டேட்டாசெட்ல க்ரிப்பருக்கு (கையோட பிடிக்கிற முனை) 1ன்னா திறந்திருக்கு, இன்னொண்ணுல 1ன்னா மூடியிருக்கு. ஒண்ணுல இப்ப இருக்குற இடத்துல இருந்து எவ்ளோ நகரணும்னு இருக்கும், இன்னொண்ணுல எந்த இடத்துக்குப் போகணும்னு இருக்கும். கை எப்படித் திரும்பியிருக்குன்னு குறிக்க ஒண்ணுல ஆய்லர் கோணம், ஒண்ணுல குவாட்டர்னியன்னு வேற கணக்கு முறை. இதை சரிபார்க்காம கலந்தா லாஸ் வளைவு (ட்ரெய்னிங்ல மாடலோட தப்பு எவ்ளோன்னு காட்டுற கோடு) அழகா இறங்கும், ரோபோ பொருள் பக்கத்துல போய் கையை மூட வேண்டிய நேரத்துல திறக்கும். ட்ரெய்னிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேட்டாசெட்ல இருந்தும் சில பதிவை எடுத்து உங்க சிமுலேட்டர்ல ஓட்டி கண்ணால பாருங்க, இதை விட லாபகரமான நேரச் செலவு இந்த வேலைல கிடையாது.

அதனால தேர்வு எனக்கு தெளிவாவே இருக்கு: அடித்தளம் பொது மாடல், மேல உங்க ரோபோவுல, உங்க கேமரா வச்ச இடத்துல எடுத்த சில நூறு நல்ல பதிவு. பூஜ்யத்துல இருந்து தனியா சேர்க்குறது, உங்க வேலை ரொம்ப விசித்திரமா இருந்தா மட்டும், உதாரணமா தண்ணிக்கு அடில, இல்லன்னா தொட்டு உணர்ற சென்சார் முக்கியமான வேலைல, ஏன்னா பொது டேட்டால பெரும்பகுதி மேஜை மேல கேமராவால பார்த்து எடுத்து வைக்கிறது தான். வீட்டுக்குள்ள எடுத்த வீடியோ, நோயாளி இருக்குற ரூம் வீடியோ மாதிரி வெளில போகவே கூடாத டேட்டான்னா, வீடியோ அங்கயே இருக்கட்டும், மாடலோட மாத்தங்களை மட்டும் சேர்க்குற ஃபெடரேட்டட் முறை இருக்கு, ஆனா அதை நடத்துறது சின்ன டீமுக்கு பளு, முகத்தை மறைச்சு, சம்மதம் வாங்கி, கட்டடத்துக்குள்ளயே ட்ரெய்ன் பண்றது பெரும்பாலும் சுலபம்.

எல்லாத்தையும் சேர்த்து யாருக்கு எதுன்னு கேட்டா இப்படி சொல்லுவேன். ட்ரோன், காலால நடக்குற ரோபோ, வெளில நெட் நிச்சயமில்லாத இடத்துல போறதுன்னா ஓடற மாடல் எல்லாம் ரோபோ மேல, மாடல் சின்னதா இருந்தாலும் பரவால்ல. நிலையா நிக்குற கைன்னா பக்கத்து சர்வர், கேபிள் போட்டு. கிடங்குல நிறைய வண்டி ஓடுதுன்னா ஒவ்வொரு வண்டியும் தானா நிக்கவும் விலகவும் தெரிஞ்சிருக்கணும், யாரு எந்தப் பாதைல போறது, மேப் அப்டேட், சார்ஜிங் முறை இதெல்லாம் சர்வர்ல, இதுக்கு வண்டியும் சர்வரும் பேசிக்க விடிஏ 5050 மாதிரி பொது நெறிமுறையும், ரோபோக் கூட்டத்தை ஒருங்கிணைக்கிற ஓபன்-ஆர்எம்எஃப் சாஃப்ட்வேரும் இருக்கு, வேற வேற கம்பெனி வண்டியை கலக்க அது உதவும். மனுஷனோட பேசுற ரோபோன்னா நீண்ட பேச்சுக்கு க்ளவுட் வச்சுக்கலாம், ஆனா "நில்லு"ங்கிற வார்த்தை லோக்கல்ல புரியணும். ஆரம்ப நிலை மாணவர் லேப்னா சிமுலேஷன், ட்ரெய்னிங் க்ளவுட்ல வாடகைக்கு, ஓட்டுறது ஒரு பழைய ஜிபியூ மெஷின்ல. எதுவா இருந்தாலும், ரோபோ ஓடிக்கிட்டு இருக்குறப்போ நெட்வொர்க் கேபிளை கையால பிடுங்கிப் பாருங்க, அது பத்திரமா நின்னா, இல்ல மெதுவா தன் வேலையைத் தொடர்ந்தா, நீங்க பிரிச்சு வச்சது சரி.

இந்த எந்த முடிவையும் பின்னாடி மாத்திக்கலாம், போர்டை மாத்தலாம், க்ளவுடை மாத்தலாம். மாத்தவே முடியாதது முதல் மாசத்துல எப்படி பதிவு பண்ணினீங்கங்கிறது ஒண்ணு தான். அதனால முதல் நாள்ல இருந்தே எம்கேப், லெரோபோட் மாதிரி ரோபோ டேட்டாவுக்கான திறந்த கோப்பு வடிவத்துல பதிவு பண்ணுங்க, எல்லா சென்சாருக்கும் ஒரே கடிகார நேரம், கேமரா கேலிப்ரேஷன் கோப்பு கூடவே, ஒவ்வொரு பதிவுக்கும் என்ன செய்யச் சொன்னோம்னு ஒரு வரி, தோத்த முயற்சியையும் அழிக்காம தோத்ததுன்னு குறிச்சு, க்ரிப்பர்ல 1ன்னா என்னன்னு ஒரு ரீட்மீ. லைசென்ஸையும் அப்பவே எழுதிடுங்க, அது இல்லாத டேட்டாசெட்டை நல்ல லேப் எதுவும் தொடாது.